திருகோணமலைக்கு எப்போது வரலாம்: காற்று சொல்வதும் கைபேசி சொல்வதும்

டிசம்பர் கடைசி வாரம். திருகோணமலைக் கரையில், உப்புவெளியில் என் உறவினர் ஒருவர் நடத்தும் ஆறு அறை விடுதியின் முன்வாசலில் நின்றிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாகனத்திலிருந்து இறங்கியது. பிள்ளைகளின் கையில் மணல் விளையாட்டு வாளிகள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வாடைக் காற்றில் தென்னைகள் ஒருபக்கமாகச் சரிந்து நின்றன. கடல் மண்ணிறமாகக் கலங்கி, வழக்கமாக நாங்கள் கதிரை போடும் இடம் வரை ஏறி வந்து அடித்தது.

"அண்ணா, கடல் எப்ப அடங்கும்? நாளைக்குப் புறாமலைக்குப் போகலாமா?" என்று அந்தத் தாய் கேட்டார். பக்கத்து நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைத்தான் சொன்னார்.

"இந்தக் காற்றுக்கு ஒருத்தரும் வள்ளம் இறக்க மாட்டாங்கள் தங்கச்சி. மாசி பிறந்தாப் பிறகுதான் கடல் அடங்கும்."

அவர் கைபேசியை நீட்டினார். இலங்கைக்குச் செல்லச் சிறந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிபோல் தெளிந்த நிலாவெளிக் கடலின் படம். கூடவே, அன்றிரவுக்குள் பதிவு செய்தால் விலைக்கழிவு என்ற அறிவிப்பு.

அந்தத் திரையில் இருந்த எதுவும் தனித்தனியாகப் பொய் இல்லை. இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் நல்ல காலம்தான். நிலாவெளிக் கடல் அப்படித் தெளிவதும் உண்மைதான், ஆனால் அது யூன், யூலையில். இரண்டையும் ஒரே திரையில் ஒட்டியபோது, நனைந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் எங்கள் வாசலில் வந்து நின்றது. செயலிகளும் விளம்பரங்களும் விடுமுறையை எப்படி வடிவமைக்கின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாசல்தான்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைக்கு இரண்டு பருவக்காற்றுகள். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று தன் மழையைக் கொழும்பு, காலிப் பக்கத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிஞ்சுவதில்லை. வறண்டு சுடும் அந்தக் காற்றைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். வைகாசியில் கச்சான் எழுந்தால் முற்றத்து மண் புழுதியாகும், கிணறு இறங்கும், உதடு வெடிக்கும். ஆனால் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் அலையின்றிக் கிடக்கும். நீர் தெளியும். பவளப் பாறைகளும் மீன்களும் மேலிருந்தே தெரியும். ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று வங்கக் கடலிலிருந்து நேராக எங்கள் மீது வரும். திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் பெய்துவிடுகிறது. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி இங்குள்ள முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி கரையேறியதும் திருகோணமலைக்கு வடக்கேதான்.

ஆகவே, ஒரே தீவில் இரண்டு சீசன்கள். நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஒரு கரை மூடும்போது மறு கரை திறக்கிறது. திமிங்கிலம் பார்ப்பதிலும் இதே கணக்கு. தென்கரை மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, எங்கள் பக்கம் மார்ச்சில் தொடங்கி ஓகஸ்ட் வரை. கொட்டியாரக் குடாவை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாக இறங்குவதால், நீலத் திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்று கைபேசிக்கு ஏன் தெரியவில்லை? அதற்குத் தரவு இல்லாமல் இல்லை. சிக்கல் விற்பனையின் அலகில் இருக்கிறது. விமானச் சீட்டு நாட்டுக்கு விற்கப்படுகிறது. விசா நாட்டுக்கு வழங்கப்படுகிறது. விளம்பரமும் நாட்டின் பெயரில்தான் செய்யப்படுகிறது. கரைக்கென்று தனியாக யாரும் விளம்பரம் செய்வதில்லை. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டபோது தேடியது ஐரோப்பியக் குளிரிலிருந்து தப்பி வருபவரை. அவருக்கு வெயில் வேண்டிய மாதங்களும் தென்மேற்கிலுள்ள பெந்தோட்டைக் கரையின் நல்ல மாதங்களும் ஒன்றாகவே விழுந்தன. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை நாட்டின் சீசன் என்றானது. இன்றும் வருகைக் கணக்கில் அந்த நான்கு மாதங்கள்தான் உச்சம். யூலை, ஓகஸ்டில் அதைவிடச் சிறிய இரண்டாவது மேடு ஒன்று தெரியும்.

செயலிகள் இந்தப் பழைய நாட்காட்டியைத்தான் விழுங்கியிருக்கின்றன. மக்கள் எப்போது தேடினார்கள், எதைத் தொட்டார்கள், எதைப் பதிவு செய்தார்கள் என்பதிலிருந்துதான் அவை கற்கின்றன. 1983க்குப் பிறகு 2009 மே வரை, போர்க்காலத்தில், எங்கள் கரைக்கு வந்து போனவர்கள் மிகச் சிலர். 2004 சுனாமி இருந்த கட்டடங்களிலும் பலவற்றை எடுத்துக்கொண்டது. தென்மேற்குக் கரை அந்த ஆண்டுகளில் படமும் பயணக் குறிப்பும் மதிப்புரையுமாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது எங்களிடம் சோதனைச்சாவடிகள் இருந்தன. பழைய தேடல்களின் குவியலில் எங்கள் கச்சான் மாதங்களுக்கு எடை குறைவு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் விளைவு எங்களுடையது.

ஒரு தேடல் தொடங்கியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொழும்பிலோ லண்டனிலோ ஒருவர் 'திருகோணமலை' என்று தட்டுகிறார். நூற்றுக்கணக்கான விடுதிகளில் முதல் திரையில் தெரிவது நான்கோ ஐந்தோ. பெரும்பாலானோர் அதற்குக் கீழே வெகுதூரம் போவதில்லை. எந்த விடுதி மேலே வரும் என்பதை, பார்த்தவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், மதிப்பெண் என்ன, எத்தனை நாட்கள் அறை திறந்திருக்கிறது, என்ன விலைக்கழிவு, தளத்துக்கு எவ்வளவு தரகு என்று பலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் விடுதியைப் பூட்டிவிட்டுக் கூரை திருத்தும் குடும்பத்துக்கு அந்த மாதங்களில் பதிவு இல்லை. பதிவு இல்லாத இடம் மெல்ல மெல்லக் கீழே போகிறது.

விலைக்கழிவு விஷயத்தை விருந்தினர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். கழிவைத் தளம் தன் பையிலிருந்து தருவதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது விடுதிக்காரரின் பணம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் இரவுக்கு அறை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் கழிவு 10 சதவீதம் போனால் 10,800. கைபேசியில் பதிவு செய்வோருக்கென்று இன்னொரு 10 சதவீதம் போனால் 9,720. அதில் 15 சதவீதத் தரகு 1,458 ரூபாய். கைக்கு வருவது 8,262. பட்டியலில் போட்ட விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆள் வருவதற்கு முன்பே கரைந்துவிட்டது. குளிரூட்டி ஓடும் மின்கட்டணம், துணி வெளுப்பு, வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் அந்த எட்டாயிரத்துக்குள். கழிவில் சேராமல் இருக்க விடுதிக்காரருக்கு உரிமை உண்டு. சேராவிட்டால் முதல் திரையில் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்திருப்பார்.

மதிப்பெண் இன்னும் கூரானது. தேடுபவர்கள் பலர் '8க்கு மேல்' என்ற வடிகட்டியை அழுத்திவிட்டுத்தான் பார்க்கத் தொடங்குகிறார்கள். இருபது மதிப்புரைகளோடு 8.1 வைத்திருக்கும் ஒரு சின்ன விடுதியை எடுங்கள். டிசம்பரில் கழிவு விலையைப் பார்த்து வந்த ஒருவர், கடலில் இறங்க முடியாத கோபத்தில் 3 கொடுத்துவிட்டுப் போகிறார். சராசரி 7.9க்கு இறங்குகிறது. மறுநாளிலிருந்து அந்த வடிகட்டியைப் போடும் எவர் கண்ணுக்கும் அந்த விடுதி இல்லை. நானூறு மதிப்புரை சேர்த்த பெரிய ஹோட்டலை இப்படி ஒரு 3 அசைக்காது. மழையில் வரவழைத்தது ஒரு தள்ளுபடி அறிவிப்பு. அதற்குரிய தண்டனையை அடுத்த ஓகஸ்ட் வரை சுமப்பது அறையைக் கூட்டித் துடைத்து வைத்தவர். இதைக் கண்முன்னே பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

'இந்த விலையில் ஓர் அறைதான் மிச்சம்', 'இப்போது ஐந்து பேர் பார்க்கிறார்கள்' என்ற சிவப்பு எழுத்துகளைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். பல நேரங்களில் அந்த 'ஓர் அறை' என்பது அந்தத் தளத்துக்கென விடுதிக்காரர் ஒதுக்கிக் கொடுத்த அறைகளில் கடைசி என்றுதான் பொருள். விடுதியில் வேறு அறைகள் இருக்கலாம். இந்த அவசரப்படுத்தலுக்கு எதிராக 2019இல் பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை நடவடிக்கை எடுத்தது. எக்ஸ்பீடியா, புக்கிங்.கொம், அகோடா உட்பட ஆறு தளங்கள் தங்கள் வழக்கங்களை மாற்ற ஒப்புக்கொண்டன. தரகு வரிசையைப் பாதித்தால் அதைச் சொல்ல வேண்டும், கட்டாயக் கட்டணங்களை முதல் விலையிலேயே காட்ட வேண்டும் என்பவையும் அதில் அடக்கம். 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், விடுதிகள் வேறெங்கும் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனைகளை ஒரு முன்பதிவுத் தளத்தின் இருப்புக்கு இன்றியமையாதவை என்று கருத முடியாது எனத் தீர்ப்பளித்தது. இவை அங்குள்ள விடுதிகளுக்கும் நுகர்வோருக்கும் கிடைத்த பாதுகாப்பு. ஐரோப்பியச் சட்டம் நிலாவெளி வரை நீளாது.

இனிக் கூட்டத்தைப் பற்றி. செயலி திருகோணமலைக்கு ஆட்களைக் கொண்டு வருகிறதா என்றால், கொண்டு வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. விளம்பரம் போட வசதியில்லாத நாலு அறை விடுதிக்கு டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்வது செயலி இல்லாமல் நடந்திராது. ஆனால் அது கூட்டத்தைப் பரப்பவில்லை, குவிக்கிறது. கச்சான் எங்களுக்குக் கொடுத்தது வைகாசி முதல் புரட்டாதி வரை நீண்ட ஐந்து மாதங்கள். அதில் ஓகஸ்டின் மூன்று வாரங்களும், பூரணை விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழும் வாரக் கடைசிகளும் பிதுங்கி வழிகின்றன. அவற்றுக்கு நடுவே வெறும் கட்டில்கள்.

ஓகஸ்ட் ஏன்? ஐரோப்பியப் பள்ளிகளின் கோடை விடுமுறை. அதே விடுமுறையில்தான் லண்டன், பாரிஸ், டொரொன்டோவிலிருந்து எங்கள் சனமும் வருகிறது. நல்லூர் இருபத்தைந்து நாள் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வரும். தேருக்கு யாழ்ப்பாணம், பிறகு பிள்ளைகளுக்குக் கடல் காட்டத் திருகோணமலை, கோணேசரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று ஒரு பாதை உண்டு. முன்பெல்லாம் அவர்கள் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இப்போது புறப்படும் முன்பே அறை பதிவாகிவிடுகிறது. "பிள்ளையளுக்கு ஏசி இல்லாமல் நித்திரை வராது அக்கா" என்று சொல்லிவிட்டுப் பகலில் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். பிழை சொல்ல மாட்டேன், விடுதிக்காரர்களுக்கு அது வருமானம். ஆனால் உறவினர் வீட்டில் தங்கியவர் பத்து நாள் இருந்தார். அறை எடுப்பவர் இரண்டு இரவில் போய்விடுகிறார், ஏனென்றால் அடுத்த ஊரின் அறையும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. முன்பதிவு இருந்தால் கடல் நன்றாக இருக்கிறதே, இன்னும் இரண்டு நாள் நிற்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கைபேசி இல்லாத ஒரு பருவப் பயணம் இன்னும் எங்கள் ஊரைக் கடந்து போகிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாத யாத்திரை. முல்லைத்தீவு வழியாகத் திருகோணமலைக்கு வந்து, வெருகலில் முருகனைக் கும்பிட்டு, மட்டக்களப்பு நோக்கிப் போவார்கள். ஒன்றரை மாதத்துக்கும் மேல் நடை. எந்த இரவு எந்தக் கோயில் மண்டபம் என்பது தலைமுறைகளாக ஊர்களுக்குத் தெரியும். அவர்கள் வரும் நாளில் சோறு வடித்துவைத்துக் காத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன்.

குவிதல் காலத்தில் மட்டுமல்ல, இடத்திலும் நடக்கிறது. நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவை எங்கள் ஆட்கள் புறாமலை என்பார்கள். மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறைத் தீவு அது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பவளப் பாறைகள் பெரும்பாலானவை வெளுத்துச் செத்தபோது இது தப்பித்துக்கொண்டது. அதனால்தான் இதன் மதிப்பு இவ்வளவு. அந்தச் சின்னத் தீவின் ஒரு துண்டுக் கரைதான் இன்று கைபேசிகளில் திருகோணமலையின் முகம். இடுப்பளவு நீரில் கருமுனைச் சுறா நீந்திப் போகும் பத்து வினாடிப் படம் ஒன்று பரவினால், அடுத்த வாரம் அதே கோணத்தைத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் காலை எட்டு முதல் பதினொரு மணிக்குள் வேண்டும், வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்குமாம். நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியோடு இறங்கி, கால் வைக்க இடம் தேடிப் பவளத்தின் மேல் நிற்கிறார்கள். அது பாறை இல்லை, உயிர் என்று வள்ளக்காரத் தம்பிமார் கத்திக்கொண்டே இருப்பார்கள். தீவுக்கு எத்தனை பேர் போவது என்பதைப் பார்க்க வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு இருக்கிறது. எந்த மணிக்கு எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது பார்த்த படம்.

அதே நேரத்தில் கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் பாருங்கள். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் பாலம் அது. அதற்கு முன் படகுப் பாதையில் காத்துக் கிடந்தோம். மூதூர், சம்பூர், சேருவில, வெருகல் எல்லாம் இப்போது காரில் போகும் தூரம். தம்பலகாமத்து வயல்களும் ஆதிகோணநாயகர் கோயிலும் நகரத்திலிருந்து எவ்வளவு தூரம்? ஆனால் செயலியின் வரைபடத்தைத் திறந்தால் விலைச்சீட்டுகள் உப்புவெளி, நிலாவெளி மணலில் நெருக்கியடித்து நிற்கின்றன. தெற்கே அரிதாக ஒன்றிரண்டு. படம் இல்லாத இடத்தை யாரும் தேடுவதில்லை, தேடாத இடத்தில் யாரும் அறை கட்டுவதில்லை, அறை இல்லாத இடத்துக்குப் படம் எடுக்கவும் யாரும் போவதில்லை. இந்த வட்டத்தை ஒரு செயலி தானாக உடைக்காது. உள்ளூராட்சி சபையும் சுற்றுலாத் திணைக்களமும் வேண்டுமென்றே செய்ய வேண்டிய வேலை அது.

ஓட்டோத் தம்பிமாரின் கதையும் இதே கதைதான். ஸ்டாண்டில் முறை உண்டு. முதலில் வந்து நிற்பவருக்கு முதல் ஓட்டம், வயதானவருக்கும் புதியவருக்கும் ஒரே முறை. 2015இல் கொழும்பில் தொடங்கிய பிக்மி போன்ற செயலிகள் பரவியபோது அந்த முறை உடைந்தது. பயணிக்கு நியாயமான விலை தெரிந்தது, அது நல்லதுதான். கூடுதலாகக் கேட்டவர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டாண்டில் நின்று வழி சொல்லி, கன்னியா வெந்நீரூற்றுக்கு எந்த நேரம் கூட்டம் இருக்காது என்று காட்டிக்கொடுத்த ஆளின் அறிவுக்குச் செயலியில் விலை இல்லை.

ஒரு சீசனை ஒரு கைபேசிக் குறியீடு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதை 2022இல் நாங்கள் பார்த்தோம். எரிபொருள் தட்டுப்பாட்டால் யூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. கியூஆர் கோட் காட்டினால்தான் பெற்றோல். ஆரம்பத்தில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20. கொழும்பிலிருந்து இங்கே வர ஒரு வழிக்கே 260 கிலோமீற்றர் அளவு. வந்தால் திரும்ப எண்ணெய் இல்லை. கச்சான் வழக்கம்போல் வீசியது, கடல் தெளிந்து கிடந்தது, ஆள் இல்லை. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய வெளிநாட்டு வருகை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பிறகு 2021இல் 1,94,495 ஆகச் சுருங்கியிருந்தது. அதிலிருந்து எழும்பும் நேரத்தில் இந்த அடி. 2024இல் எண்ணிக்கை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியபோது பலர் கடனோடுதான் கதவைத் திறந்தார்கள். கடன் இருப்பவர் தள்ளுபடி வேண்டாம் என்று சொல்ல முடியாது. செயலிக்குள் அவருடைய பேரம்பேசும் வலு குறைந்ததற்கு இதுவும் காரணம்.

என் உறவினர் செய்யும் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். செயலியை அவர் விடவில்லை, விடவும் முடியாது. ஆனால் டிசம்பர், ஜனவரிக்கான விவரத்தில் முதல் வரியிலேயே 'இந்த மாதங்களில் கடல் குளிக்க ஏற்றதல்ல, புறாத்தீவுக்குப் படகு போகாமல் இருக்கலாம்' என்று எழுதிவைத்துவிட்டார். சேறு கலந்த கடலின் படம் ஒன்றையும் போட்டார். பதிவு குறைந்தது. வருகிறவர்கள் மழையைப் பார்க்கவும் கோணேசரைக் கும்பிடவும் சமைத்துச் சாப்பிடவும் வருகிறார்கள். 3 போட்டுவிட்டுப் போக அவர்களுக்குக் காரணம் இல்லை. போகும்போது வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

மாசி நடுவில் ஒரு காலை வாடை ஓய்ந்துவிடும். கரைவலை வள்ளங்கள் மறுபடி இறங்கும். அன்று அவர் மணலில் நின்று கடலைக் கால் நிமிடம் படம் பிடித்து, பழைய விருந்தினர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறார். கீழே ஒரே வரி: "கடல் அடங்கிட்டுது. வாங்கோ." டிசம்பரில் நனைந்து வந்த அந்தக் கொழும்புக் குடும்பம் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த வாரம் வந்து ஐந்து இரவு நின்றது. பிள்ளைகள் அதே வாளியைக் கொண்டுவந்திருந்தார்கள்.